லாக்டோஸ் செரியாமை

பாலில் இயற்கையாக இருக்கும் சர்க்கரை லாக்டோஸ். அதைச் சிறுகுடல் முழுதாகச் செரிக்காதபோது வரும் வயிற்று உபாதைகள் லாக்டோஸ் செரியாமை எனப்படும். ‘எனக்குப் பால் சேராது’ என்று சொல்பவர்களில் பலருக்குச் சிக்கல் இதுதான். உலகின் வயதுவந்தோரில் ஏறத்தாழ மூன்றில் இரண்டு பங்கினருக்கு இந்தச் செரிமானத் திறன் குறைந்துவிடுகிறது. இதை நோய் என்று சொல்வதைவிட மனித உடலின் வழக்கம் என்று சொல்வதே பொருத்தம். தாய்ப்பால் மறந்து பல ஆண்டுகளான பின்னும் பாலைச் செரிக்கும் உடல்தான் விதிவிலக்கு. ஒருமுறை வந்தால் வாழ்நாள் முழுதும் இருக்குமா என்பது, அது எதனால் வந்தது என்பதைப் பொறுத்தது.

குடலில் நடப்பது

குளுக்கோஸ், காலக்டோஸ் என்ற இரண்டு எளிய சர்க்கரைகள் பிணைந்தது லாக்டோஸ். பிணைப்பை அறுத்தால்தான் குடல் அவற்றை உறிஞ்ச முடியும். அந்த வேலையைச் செய்வது சிறுகுடல் உட்சுவரின் உறிஞ்சிகளில் சுரக்கும் லாக்டேஸ் என்ற நொதி. நொதி போதாவிட்டால் லாக்டோஸ் அப்படியே பெருங்குடலுக்குப் போகிறது. போகும் வழியில் நீரைக் குடலுக்குள் இழுக்கிறது; போய்ச் சேர்ந்ததும் அங்குள்ள பாக்டீரியாக்கள் அதை, தோசைமாவு புளித்துப் பொங்குவதுபோல, நொதிக்க வைத்து ஹைட்ரஜன், கார்பன் டைஆக்சைடு, சிலரிடம் மீத்தேன் ஆகிய வாயுக்களை உண்டாக்குகின்றன. பால் குடித்த அரை மணி முதல் இரண்டு மணி நேரத்துக்குள் வயிறு உப்புவது, இரைவது, முறுக்கி வலிப்பது, பேதியாவது எல்லாம் இதன் விளைவு. சிலருக்குக் குமட்டல் வரும். மலச்சிக்கல் ஏற்படுவோரும் உண்டு.

நொதி குறைந்திருப்பதும் தொந்தரவு வருவதும் ஒன்றல்ல. நொதி குறைந்த பலர் நாளுக்கு இரண்டு காபி குடித்துக்கொண்டு எந்த உபாதையும் இல்லாமல் இருக்கிறார்கள். குடிக்கும் அளவு, உணவு குடலில் நகரும் வேகம், பெருங்குடல் பாக்டீரியாக்களின் தன்மை, குடல் நரம்புகளின் கூருணர்வு ஆகியவை சேர்ந்தே தொந்தரவைத் தீர்மானிக்கின்றன.

பால் ஒவ்வாமை இதிலிருந்து முற்றிலும் வேறு. அது பாலின் புரதத்துக்கு எதிராக உடலின் நோயெதிர்ப்பு மண்டலம் கிளம்புவது. தோலில் தடிப்பு, முகவீக்கம், மூச்சிரைப்பு வரை போகலாம். துளிப் பாலும் ஆபத்தாகலாம். லாக்டோஸ் செரியாமையில் உயிருக்கு ஆபத்து இல்லை, அளவே முக்கியம். இரண்டையும் குழப்பிக்கொண்டு, ஒவ்வாமை உள்ள குழந்தைக்கு லாக்டோஸ் நீக்கிய பாலைக் கொடுப்பது பெரிய தவறு. அதில் சர்க்கரைதான் மாற்றப்பட்டிருக்கிறது, புரதம் அப்படியே இருக்கிறது.

நீங்குமா, நிலைக்குமா

மிகப் பரவலான வகை மரபுவழி வருவது. பிறந்தபோது நிறைய இருக்கும் லாக்டேஸ், பால்குடி மறந்த பிறகு மெல்லக் குறையத் தொடங்குகிறது. பெரும்பாலான ஆசிய, ஆப்பிரிக்க மக்களிடம் குழந்தைப் பருவத்திலேயே இந்த இறக்கம் தொடங்கிவிடும். தொந்தரவு வெளித்தெரிவது பதின்வயதிலோ அதற்குப் பிறகோ இருக்கலாம். இப்படிக் குறைந்த நொதி மீண்டும் கூடுவதில்லை. விடாமல் பால் குடித்தால் உடல் பழகி நொதியைச் சுரக்கும் என்ற நம்பிக்கைக்கு ஆதாரம் இல்லை. ஆக, நொதிக் குறைவு நிரந்தரம். ஆனால் தொந்தரவு நிரந்தரமாக இருக்கவேண்டியதில்லை. சிறிய அளவில் தொடங்கி நாள்தோறும் கொஞ்சம் கொஞ்சமாகக் கூட்டினால், சில வாரங்களில் பெருங்குடல் பாக்டீரியாக்களின் கலவை மாறி, அவை குறைந்த வாயுவோடு லாக்டோஸைக் கையாளப் பழகிவிடுகின்றன. பழகுவது பாக்டீரியாக்கள்தான், குடல் அல்ல. பாலை முழுக்க நிறுத்திவிட்டால் இந்தப் பழக்கமும் போய்விடும். பல ஆண்டுகள் பால் தொடாதவர் திடீரென்று ஒரு தம்ளர் குடித்தால் முன்னைவிட அதிகம் அவதிப்படுவது இதனால் இருக்கலாம்.

இரண்டாவது வகை தற்காலிகமானது. ரோட்டா வைரஸ் பேதி, ஜியார்டியா தொற்று, கோதுமைப் புரதத்தால் வரும் சீலியாக் நோய், குரோன் நோய், புற்றுநோய்க்கான வேதிச் சிகிச்சை ஆகியவை குடல் சுவரைப் புண்ணாக்கும்போது, உறிஞ்சிகளின் நுனியில் இருக்கும் லாக்டேஸ்தான் முதலில் அடிபடுகிறது. அடிப்படை நோய் குணமாகிச் சுவர் மீண்டும் வளர்ந்ததும் நொதியும் திரும்பிவிடும். சாதாரணப் பேதிக்குப் பிறகு சில வாரங்கள் போதும். சீலியாக் நோயில் பல மாதங்கள் ஆகலாம். நேற்றுவரை பால் குடித்தவருக்குத் திடீரென்று சேராமல் போனால் இந்த வகையை முதலில் நினைக்க வேண்டும்.

மற்ற இரண்டு வகைகள் குழந்தைகளுக்கு உரியவை. கருவில் லாக்டேஸ் முழு அளவை எட்டுவது கடைசி மாதங்களில். அதனால் குறைமாதக் குழந்தைகளுக்குச் சில நாட்களோ வாரங்களோ பற்றாக்குறை இருந்து தானே சரியாகும். பிறவியிலேயே நொதி அற்ற நிலை மிக அரிது. பின்லாந்தில்தான் ஒப்பீட்டளவில் அதிகம் பதிவாகியுள்ளது. முதல் தாய்ப்பாலிலேயே கடும் நீர்ப்பேதி தொடங்கும். இது வாழ்நாள் முழுதும் இருக்கும்.

மரபணுவும் மாடும்

லாக்டேஸுக்கான மரபணு 2-ஆம் குரோமோசோமில் உள்ளது. அதை இயக்கும் விசை, சுமார் 14,000 எழுத்துகள் தள்ளி, அண்டை மரபணு ஒன்றினுள் இருக்கிறது. அந்த இடத்தில் ஓர் எழுத்து மாறியிருந்தால் வளர்ந்த பிறகும் விசை அணைவதில்லை என்பதை 2002-இல் பின்லாந்து ஆய்வாளர்கள் கண்டறிந்தார்கள். பெற்றோரில் ஒருவரிடமிருந்து வந்தாலே போதும். கிழக்கு ஆப்பிரிக்காவின் மேய்ச்சல் மக்களிடம் அதே பகுதியில் வேறு மாற்றங்கள் தனியாகத் தோன்றி அதே பலனைத் தந்ததை 2007-இல் மரபியலாளர் சாரா டிஷ்காஃப் குழு காட்டியது. கால்நடை வளர்த்த கூட்டங்களில் இப்படித் தனித்தனியே பரவிய இந்த மாற்றங்கள், அண்மைக்கால மனிதப் பரிணாமத்துக்குத் தெளிவான சான்றுகளில் ஒன்று.

இந்தியாவில் காணப்படுவது பெரும்பாலும் பின்லாந்து ஆய்வாளர்கள் கண்டறிந்த அதே ஐரோப்பிய மாற்றமேதான். வடமேற்கில் அதிகமாகத் தொடங்கித் தெற்கும் கிழக்கும் வர வர அது அருகிப்போகிறது. 1981-இல் வெளியான ஓர் ஆய்வில், டெல்லியில் சோதித்தவர்களில் 27.4 விழுக்காட்டினருக்கும், திருவனந்தபுரத்திலும் புதுச்சேரியிலும் சோதித்தவர்களில் 66.6 விழுக்காட்டினருக்கும் லாக்டோஸ் சேரவில்லை. இந்தத் தென்னிந்தியப் போக்குக்குப் பளிச்சென்ற விதிவிலக்கு நீலகிரியில் எருமை வளர்க்கும் தோடர்கள். செரிக்கவைக்கும் மரபணு மாற்றம் அவர்களிடம் மிக அதிகம்.

இந்த மரபணு மாற்றம் இல்லாமலும் பாலோடு வாழ முடியும் என்பதற்கு மங்கோலியர்கள் சான்று. நொதி நிலைத்தவர்கள் அவர்களில் மிகச் சிலரே. ஆனாலும் புளிக்கவைத்த குதிரைப் பாலும் பாலாடைக் கட்டியும் அவர்களுடைய அன்றாட உணவு. தயிரையும் மோரையும் நெய்யையும் நம்பிய தென்னிந்தியச் சமையலும் அதே வழியில் வந்ததாகவே தெரிகிறது.

கண்டறிதல்

வெறும் வயிற்றில் 25 அல்லது 50 கிராம் லாக்டோஸைக் கரைத்துக் குடிக்கவைத்து, மூச்சில் வரும் ஹைட்ரஜனைச் சில மணி நேரம் அளப்பது வழக்கமான சோதனை. தொடக்க அளவைவிடப் பத்து லட்சத்துக்கு 20 பங்கு கூடினால் செரிக்கவில்லை என்று பொருள். ஆனால் 50 கிராம் என்பது ஒரு லிட்டர் பாலில் உள்ள அளவு. அதை ஒரே மூச்சில் யாரும் குடிப்பதில்லை. ஆகவே இந்த முடிவை மட்டும் வைத்து ஒருவரின் காபியை நிறுத்தச் சொல்வது நியாயமில்லை. இரண்டு வாரம் பாலை விலக்கிப் பார்த்து, மீண்டும் சேர்த்து, நடப்பதைக் குறித்துக்கொள்வது எளிய வழி. மரபணுச் சோதனை முதல் வகையை மட்டுமே சொல்லும்.

பழியெல்லாம் லாக்டோஸுக்கே உரியது என்றும் சொல்ல முடியாது. 1995-இல் அமெரிக்காவில், தங்களுக்குக் கடுமையாகப் பால் சேராது என்று சொன்ன 30 பேருக்கு நாளுக்கு 240 மில்லி பால் கொடுத்தார்கள். எது சாதாரணப் பால், எது லாக்டோஸ் நீக்கியது என்று தெரியாதபடி கொடுத்தபோது, இரண்டுக்கும் இடையே தொந்தரவில் குறிப்பிடத்தக்க வேறுபாடு இல்லை. எரிச்சல் குடல் நோய் போன்றவை பாலின் பெயரில் மறைந்திருப்பதுண்டு. மலத்தில் ரத்தம், எடை குறைதல், காய்ச்சல், தூக்கத்தைக் கலைக்கும் பேதி ஆகியவை லாக்டோஸால் வருவதல்ல. உடனே மருத்துவரைப் பார்க்க வேண்டும்.

கையாளும் முறை

ஒரே வேளையில் 12 கிராம் லாக்டோஸ் வரை பெரும்பாலோர் தொந்தரவின்றியோ சிறு தொந்தரவோடோ தாங்குகிறார்கள் என்று ஐரோப்பிய உணவுப் பாதுகாப்பு ஆணையம் 2010-இல் மதிப்பிட்டது. 100 மில்லி பாலில் ஏறத்தாழ 5 கிராம் இருக்கிறது. 100 மில்லி பால் ஊற்றிய காபி இந்த வரம்பில் பாதியைக்கூடத் தொடாது. வெறும் வயிற்றில் குடிப்பதைவிடச் சாப்பாட்டோடு குடிப்பது நல்லது. வயிறு மெல்லக் காலியாவதால் குடலுக்கு லாக்டோஸ் சிறுகச் சிறுகவே போகும்.

தயிர் இதில் தனி இடம் பெறுகிறது. உறையும்போதே பாக்டீரியாக்கள் லாக்டோஸில் ஒரு பகுதியைத் தின்றுவிடுகின்றன. மீதியை அறுக்கும் நொதியையும் தம்மோடு குடலுக்குள் கொண்டுவருகின்றன. சூடாக்கினால் இந்த உயிருள்ள பாக்டீரியா மடியும். ஆகவே மோர்க்குழம்பைவிட நீர்மோர் மேல். நீர் கலந்திருப்பதாலும் அதில் லாக்டோஸ் குறைவு. நெய்யில் அனேகமாக இல்லை. பனீரில், தெளிநீரோடு பெரும்பகுதி போய்விடுகிறது. பல மாதம் முதிரவைத்த பாலாடைக் கட்டியில் இல்லை என்றே சொல்லலாம்.

எச்சரிக்கை தேவைப்படுவது இனிப்புகளில். பாலைக் காய்ச்சினால் லாக்டோஸ் அழியாது, நீர்தான் போகும். ஒரு லிட்டர் பாலைச் சுண்டக் காய்ச்சிச் செய்த பால்கோவாவிலும் திரட்டுப்பாலிலும் அந்த லிட்டரின் லாக்டோஸ் மொத்தமும் இருக்கிறது. பால்பவுடரில் எடையில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் லாக்டோஸ்தான். அது பிஸ்கட், சாக்லேட், சூப் தூள் எனப் பலவற்றில் கலக்கப்படுவதால் உறையில் உள்ள பட்டியலைப் படிப்பது நல்லது.

நாட்டுப் பசுவின் ‘ஏ2’ பால் சேரும் என்று விலை கூட்டி விற்கிறார்கள். ஏ2 என்பது புரதத்தின் வகை. லாக்டோஸ் எல்லாப் பசும்பாலிலும் ஏறத்தாழ ஒன்றுதான். ஆட்டுப்பாலிலும் எருமைப்பாலிலும் அளவு பெரிதாக மாறுவதில்லை. மெய்யாகவே உதவுவது, நொதி சேர்த்து முன்கூட்டியே லாக்டோஸை அறுத்த பால். குளுக்கோஸ் பிரிந்திருப்பதால் சற்றுத் தித்திக்கும், சத்தில் குறைவில்லை. விருந்துக்குப் போகும்போது முதல் கவளத்தோடு விழுங்கும் லாக்டேஸ் மாத்திரையும் உண்டு. அது அந்த ஒரு வேளைக்கு மட்டுமே.

பாலை அடியோடு விடுபவர்கள் கால்சியத்துக்கு வழி பார்க்க வேண்டும். 100 கிராம் கேழ்வரகில் 350 மில்லிகிராம் அளவில் இருக்கிறது. எள், முருங்கைக்கீரை, முள்ளோடு தின்னும் சிறுமீன் ஆகியவையும் தரும். பி12 வைட்டமின் அதைவிடக் கடினம். சைவ உணவுக்காரர்களுக்குப் பாலும் தயிரும்தான் அதற்கு முக்கிய மூலம் என்பதால், அவர்கள் தயிரையாவது விடாமல் இருப்பது நல்லது.

கைக்குழந்தைக்குப் பேதியானால் ‘பால் சேரவில்லை’ என்று தாய்ப்பாலை நிறுத்துவது கூடாது. தாய்ப்பாலில் பசும்பாலைவிட லாக்டோஸ் அதிகம், 100 மில்லிக்கு ஏறத்தாழ 7 கிராம். அப்படியிருந்தும் உப்புச் சர்க்கரைக் கரைசலும் துத்தநாகமும் கொடுத்தபடி தாய்ப்பாலைத் தொடரவே உலக சுகாதார அமைப்பு சொல்கிறது. தாய் தன் உணவில் பாலை விட்டாலும் தாய்ப்பாலின் லாக்டோஸ் குறையாது. அது தாயின் உடலில் புதிதாக உருவாவது.

மாத்திரைகள் பலவற்றில் நிரப்புப் பொருளாக லாக்டோஸ் சேர்க்கப்படுகிறது. அளவு பெரும்பாலும் ஒரு கிராமுக்கும் கீழே என்பதால், இதற்காக மருந்தை நிறுத்தவோ மாற்றவோ தேவையில்லை. பிறவியிலேயே நொதி அற்றவர்கள் மட்டும் மருத்துவரிடம் முன்கூட்டியே சொல்ல வேண்டும்.