ஒரு கேன் கூலன்ட் வந்த வழி

கன்னியாகுமரியையும் ஸ்ரீநகரையும் இணைக்கும் 44ஆம் எண் தேசிய நெடுஞ்சாலை நாமக்கல், சேலம் வழியாகத்தான் போகிறது. அந்தச் சாலையில் எந்த மாநிலத்துத் தாபா வாசலிலும் சற்று நேரம் நின்றால் டிஎன் 28, டிஎன் 34, டிஎன் 52 என்று தொடங்கும் நம்பர் பிளேட் ஒன்று கண்ணில் படும். நாமக்கல் டிரெய்லர், கேஸ் டேங்கர், சங்ககிரி லாரி, திருச்செங்கோட்டு ரிக் வண்டி. ரிக் வண்டிக்காரர்கள் மாதக்கணக்கில் வெளிமாநிலத்தில் தங்கி ஆழ்துளைக் கிணறு, அதாவது போர், போடுகிறார்கள். அரிசி மூட்டை, அடுப்பு, படுக்கை எல்லாம் கூடவே வரும் சப்போர்ட் வண்டியில் இருக்கும். வெளிநாட்டார் உல்லாசத்துக்கு வாங்கும் நடமாடும் வீட்டில் நம்மவர்கள் பிழைப்புக்காக எப்போதோ குடியேறிவிட்டார்கள்.

இப்படி ஒரு வண்டிக்கு, எஞ்சினைக் குளிர்விக்கும் கூலன்டை மாற்ற வேண்டும் என்று பட்டறையில் சொன்னால் ஒரு கேள்வி வரும்: "ஏனுங்ண்ணா, நம்மூர்ல என்ன பனியா உறையுது? போர்த் தண்ணி ஊத்துனா வண்டி ஓடாதுங்களா?"

ஓடும். எவ்வளவு காலம் ஓடும் என்பதுதான் பேச்சு. அதற்குப் பதில் சொல்ல, கூலன்ட் கேனுக்குள் இருப்பது எங்கிருந்து வந்தது என்று பார்க்க வேண்டும்.

கூலன்டின் முக்கியப் பொருள் எத்திலீன் கிளைக்கால். பிரெஞ்சு வேதியியலாளர் வுர்ட்ஸ் அதை முதலில் தயாரித்தது 1856இல். அறுபது ஆண்டுகள் அதற்குப் பெரிய வேலை எதுவும் இல்லை. முதல் உலகப் போரில் கிளிசரினுக்குத் தட்டுப்பாடு வந்தபோது வெடிமருந்து செய்ய அதை எடுத்துக்கொண்டார்கள். 1925இல் அமெரிக்காவின் மேற்கு வர்ஜீனியாவில் யூனியன் கார்பைடு குழுமம் பெரிய ஆலை போட்டது. அதன்பிறகுதான் கார் ரேடியேட்டருக்குள்ளும், 1930களில் போர் விமான எஞ்சினுக்குள்ளும் அது நுழைந்தது.

இந்தியாவில் ரிலையன்ஸின் ஹஜீரா ஆலை பெட்ரோலியத்திலிருந்து அதை எடுக்கிறது. உத்தராகண்டின் காசிப்பூரில் இருக்கும் இந்தியா கிளைக்கால்ஸ் பிடித்தது வேறு வழி. சர்க்கரை ஆலையில் மிஞ்சும் மொலாசஸிலிருந்து ஆல்கஹால், ஆல்கஹாலிலிருந்து எத்திலீன், அதிலிருந்து கிளைக்கால். நாமக்கல் மாவட்டத்து மோகனூரில் சர்க்கரை ஆலையைப் பார்த்து வளர்ந்தவர்களுக்கு மொலாசஸ் வாசம் தெரியும். அதே பாகு ரேடியேட்டர் வரை வரலாம் என்பது எனக்கு இன்றும் வியப்புதான். ஆனால் நாட்டில் தயாராகும் கிளைக்காலில் பெரும்பகுதி கூலன்டுக்குப் போவதில்லை, பாலியஸ்டருக்குப் போகிறது. லாரியில் ஏற்றும் பாலியஸ்டர் நூலும் அந்த லாரியின் ரேடியேட்டரில் ஓடுவதும் ஒரே தாய் பெற்ற பிள்ளைகள்.

இதன் குணம் விசித்திரமானது. தனியாக இருந்தால் மைனஸ் 13 டிகிரியிலேயே உறைந்துவிடும். பாதிக்குப் பாதி தண்ணீர் சேர்த்தால் மைனஸ் 37 வரை தாங்கும். ஆகவே தண்ணீரே சேர்க்காமல் முழுக்க ஊற்றுவது காசையும் எஞ்சினையும் சேர்த்துக் கெடுப்பதாகும். வெப்பத்தைச் சுமந்து போவதில் தண்ணீருக்கு ஈடு இல்லை, கிளைக்கால் கூடக் கூட அந்தத் திறன் குறையும். ஆனால் கிளைக்காலின் கொதிநிலை 197 டிகிரி. அதனால் பாதிக்குப் பாதி கலவை தண்ணீரைவிடத் தாமதமாகக் கொதிக்கிறது, ரேடியேட்டர் மூடி தரும் அழுத்தத்தில் இன்னும் தாமதமாக.

நம்மூருக்கு வேண்டியது இதுதான். சேலத்தில் ஏப்ரல், மே வெயில் 40 டிகிரியைத் தொடும்போது முழு லோடுடன் தொப்பூர் கணவாயில் தர்மபுரி நோக்கி ஏறும் லாரிக்கும், 70 கொண்டை ஊசி வளைவுகள் கடந்து கொல்லிமலைக்குச் சரக்கேற்றும் வண்டிக்கும் எதிரி உறைபனி கிடையாது, கொதிப்பு.

அதைவிடப் பெரிய எதிரி தண்ணீரே. சேலம், நாமக்கல் தரைக்கு அடியில் இருப்பது கெட்டிப் பாறை. பாறை வெடிப்புகளில் தேங்கிய போர்த் தண்ணீரில் கால்சியமும் மெக்னீசியமும் கரைந்திருக்கும். வீட்டு வாளியின் விளிம்பில் வெள்ளையாகப் படிவது எதுவோ அதுதான் எஞ்சின் பிளாக்கின் உள்சுவரிலும் ரேடியேட்டர் டியூபிலும் படிகிறது. அந்தப் படிவு வெப்பத்தை எளிதில் கடத்தாது. டிரைவர் பார்க்கும் கேஜில் ஒன்றும் தெரியாமலே பிஸ்டன் ஓடும் உருளையான லைனர் ஒன்று மட்டும் அளவுக்கு மீறிச் சூடாகிக்கொண்டிருக்கும். தண்ணீரிலுள்ள குளோரைடு அலுமினியத்தை அரிக்கும். ஆகவே கூலன்டை எவ்வளவு விலை கொடுத்து வாங்கினாலும் அதில் போர்த் தண்ணீரைக் கலந்தால் பாதிப் பணம் வீண். பேட்டரிக்கு ஊற்றுகிறோமே, அந்தத் தாதுநீக்கிய தண்ணீரைத்தான் இதற்கும் ஊற்ற வேண்டும்.

டீசல் எஞ்சினுக்கு இன்னொரு நோய் உண்டு. கனரக எஞ்சின்கள் பலவற்றில் லைனரின் வெளிப்பக்கம் நேராகத் தண்ணீரில் நிற்கிறது. ஒவ்வொரு எரிப்பிலும் பிஸ்டன் பக்கவாட்டில் மோத, லைனர் அதிர்கிறது. அந்த அதிர்வில் சின்னஞ்சிறு ஆவிக் குமிழிகள் பிறந்து, உடனே உடைந்து, இரும்பை ஊசிமுனை அளவாகக் கொத்தியெடுக்கின்றன. வருடக்கணக்கில் கொத்திய இடம் ஓட்டையாகி, கூலன்ட் ஆயிலில் கலந்துவிடும். ஆயில் பால் காப்பி நிறத்துக்கு மாறினால் மெக்கானிக் முகம் இறுகுவது இதனால்தான். நல்ல டீசல் கூலன்டில் உள்ள நைட்ரைட் போன்ற சேர்மானங்கள் லைனர்மேல் மெல்லிய படலம் கட்டி இந்தக் கொத்தலைத் தடுக்கின்றன. கார் கூலன்ட் மலிவாகக் கிடைக்கிறது என்று லாரியில் ஊற்றக் கூடாது என்பதற்குக் காரணமும் இதுதான்.

கடையில் பச்சை, சிவப்பு, ஆரஞ்சு, மஞ்சள் என்று வரிசையாக நிற்கும். நிறத்தை நம்ப வேண்டாம். அது வெறும் சாயம், கம்பெனிக்குக் கம்பெனி மாறும். கேனைத் திருப்பி லேபிளைப் படியுங்கள். இந்தியத் தர எண் ஐஎஸ் 5759 இருக்கிறதா, கனரக டீசலுக்கான ஏஎஸ்டிஎம் டி6210 இருக்கிறதா, வண்டியின் கையேடு கேட்கும் வகையா, அடர்கரைசலா அல்லது கலந்து வந்ததா? இந்த நான்கும் தெரிந்தால் போதும். பழைய சிலிகேட் வகையையும் புதிய கரிம அமில வகையையும் கலக்காதீர்கள். சேர்மானங்கள் ஒன்றையொன்று கெடுத்து, ஐந்து வருடம் தாங்க வேண்டியது இரண்டிலேயே முடிந்துவிடும்.

ஊற்றுவதிலும் ஒரு முறை இருக்கிறது. எஞ்சின் ஆறிய பிறகே மூடியைத் தொட வேண்டும். சூட்டோடு திறந்து முகம் வெந்தவர்கள் எல்லா லாரிப்பட்டறை ஊரிலும் உண்டு. ரேடியேட்டரின் அடிப் பிளக், பிளாக்கின் பிளக் இரண்டையும் கழற்றி, வெளியே வருவது தெளியும்வரை அலச வேண்டும். அலசிய தண்ணீரில் கொஞ்சம் பிளாக்கிலேயே தங்கிவிடும் என்பதைப் பலர் மறந்து, கலவையை ஊற்றி நீர்த்துப்போக விடுகிறார்கள். அனுபவசாலி மெக்கானிக் மொத்தக் கொள்ளளவைக் கையேட்டில் பார்த்து, அதில் பாதியளவு அடர்கரைசலை முதலில் ஊற்றுவார், பிறகு தாதுநீக்கிய தண்ணீரால் நிரப்புவார். கடைசி அலசலும் அந்தத் தண்ணீரிலேயே இருந்தால் நல்லது. மெதுவாக ஊற்றிக் காற்றை வெளியேற்றி, தெர்மோஸ்டாட் திறக்கும்வரை எஞ்சினை ஓடவிட்டு, ஆறியபின் அளவு பார்ப்பார். ரிஃப்ராக்டோமீட்டர் கண்ணாடியில் ஒரு சொட்டு விட்டு வெளிச்சத்தில் பார்த்தால் அடர்த்தி தெரிந்துவிடும். ஒவ்வொரு பட்டறையிலும் அந்தக் கருவி இருக்க வேண்டும்.

வடக்கே போகும் வண்டியில்தான் கூலன்டுக்கு அதன் பழைய பெயரான உறைதடுப்பான் பொருந்துகிறது. ஜனவரி இரவில் காஷ்மீரில் நிற்கும் எஞ்சினுக்குள் வெறும் தண்ணீர் இருந்தால் அது உறைந்து ஏறத்தாழ ஒன்பது சதவீதம் விரியும், பிளாக் வெடிக்கும். லடாக் பக்கம் டீசலே கெட்டியாகிவிடும் என்பதால் 2019இல் இந்தியன் ஆயில் மைனஸ் 33 டிகிரி வரை ஓடும் குளிர்கால டீசலை அங்கே கொண்டுவந்தது. கோவை வெயிலில் தண்ணீர் ஊற்றி நீர்த்த கூலன்டோடு அந்த மலையேறுவது பெரும் ஆபத்து.

வருடங்கள் போகப்போகக் கிளைக்கால் அமிலமாக மாறும், உலோகத் துகள் சேரும். பிறகு அது வெளியேற வேண்டியதுதான். இங்கேதான் நமக்குக் கவனம் போதவில்லை. இனிப்பான இந்தத் திரவம் கொடிய விஷம். பெரியவர் ஒருவரைக் கொல்லச் சுமார் 100 மில்லி போதும், குழந்தைக்கும் நாய்க்கும் அதைவிட மிகக் குறைவே போதும். யாராவது குடித்துவிட்டால் கேனையும் எடுத்துக்கொண்டு உடனே ஆஸ்பத்திரிக்கு ஓடுங்கள். முறிமருந்து உண்டு, தாமதித்தால் சிறுநீரகம் போய்விடும். குடிதண்ணீர் பாட்டிலில் கூலன்டை ஊற்றி வைக்காதீர்கள். கழற்றிய பழைய கூலன்டைச் சாக்கடையிலோ பட்டறை மண்ணிலோ விடாமல், பழைய ஆயிலோடும் கலக்காமல், மூடியுள்ள தனிக் கேனில் சேர்த்து, கழிவு எடுக்க அனுமதி பெற்றவர்களிடம் கொடுங்கள்.