குளிர்பதன நெடுந்தொலைவு லாரிகளில் மின்னாற்றல்

கனரக லாரிகளையும் அவை இழுக்கும் குளிர்பதன டிரெய்லர்களையும் டீசல் இல்லாமல் பேட்டரி மின்சாரத்தால் இயக்கும் முறை. நகருக்குள் சரக்கு வினியோகிக்கும் சிறிய வண்டிகளில் இது ஓரளவு நிலைபெற்றுவிட்டது. 40 டன் எடையோடு நாடு விட்டு நாடு ஓடும் வண்டிகளுக்கு ஒத்துவருமா என்பதை 2020-களில் ஐரோப்பா சோதித்துவருகிறது. ஸ்பெயினின் அல்மேரியா பசுமைக்குடில்களில் விளையும் தக்காளியும் வெள்ளரியும் சுமார் 2,200 கி.மீ. கடந்து நெதர்லாந்தின் ராட்டர்டாம் சேரும் பாதை இதற்கு நல்ல உரைகல்.

40 டன் மின் லாரி சமதளத்தில் கிலோமீட்டருக்கு ஏறத்தாழ 1.2 யூனிட் மின்சாரம் எடுக்கும். ஜெர்மனியின் வோர்த் ஆலையில் 2024 நவம்பரில் தொடர் உற்பத்திக்கு வந்த மெர்சிடிஸ்-பென்ஸ் இ-ஆக்ட்ரோஸ் 600 வண்டியில் 621 யூனிட் கொள்ளும் பேட்டரி இருக்கிறது. ஒரு சார்ஜில் 500 கி.மீ. ஓடும் என்கிறது நிறுவனம். அமெரிக்காவில் டெஸ்லா செமி 2017-இல் அறிவிக்கப்பட்டது. முதல் வண்டிகள் பெப்சிகோவின் கைக்கு வர 2022 டிசம்பர் ஆகிவிட்டது.

ஐரோப்பிய ஒன்றியச் சட்டப்படி நாலரை மணி நேரம் ஓட்டியவர் 45 நிமிடம் ஓய்வெடுக்க வேண்டும். மணிக்கு 80 கி.மீ. வேகத்தில் அதற்குள் 360 கி.மீ. போகலாம், சுமார் 430 யூனிட் செலவாகும். ஓய்வு நேரத்தில் 400 கிலோவாட் சார்ஜரில் நிறுத்தினால் அதிகபட்சம் 300 யூனிட், அதாவது இன்னும் 250 கி.மீ. கிடைக்கும். முதல் சார்ஜின் 500 கி.மீ.யோடு சேர்த்தால் ஆக மொத்தம் 750 கி.மீ. ஓட்டுநரின் வழக்கமான நாள் வரம்பு 9 மணி நேரம், 720 கி.மீ. ஏட்டுக் கணக்கில் நாள் கழிந்துவிடுகிறது. ஆனால் குளிர், மலையேற்றம், எதிர்க்காற்று, சார்ஜரில் வரிசை ஆகியவற்றுக்கு இந்தக் கணக்கில் இடமே இல்லை.

கெட்டுப்போகும் சரக்குக்கு இன்னொரு சிக்கலும் உண்டு. இரண்டு ஓட்டுநர்கள் மாறி மாறி ஓட்டும்போது, ஒருவர் ஓடும் வண்டியிலேயே அந்த 45 நிமிட ஓய்வை முடித்துக்கொள்ளச் சட்டம் இடம் தருகிறது. டீசல் வண்டி நிற்க வேண்டியதில்லை. மின் வண்டி நின்றாக வேண்டும். 2022-இல் ஆஸ்லோவில் அறிமுகமான மெகாவாட் சார்ஜிங் முறை, கோட்பாட்டளவில் 3.75 மெகாவாட் வரை தரக்கூடியது. இந்த இழப்பைக் குறைக்க அது உதவும். இத்தகைய பத்து முனைகள் உள்ள நிறுத்தத்துக்கு ஒரு சிறு நகரின் மின் இணைப்பு தேவைப்படும். அதைப் பெறுவது லாரி வாங்குவதைவிட நீண்ட வேலை.

குளிர்ப்பெட்டிதான் பெரிய தடை என்று பலர் எண்ணுகிறார்கள். கணக்கு அப்படிச் சொல்லவில்லை. லாரிக் குளிர்பதனம் 1930-களின் இறுதியில் அமெரிக்கரான ஃபிரெடரிக் மெக்கின்லி ஜோன்ஸின் கண்டுபிடிப்பில் தொடங்குகிறது. அவர் பங்காளியாக இருந்து வளர்த்த நிறுவனமே தெர்மோ கிங். இன்றும் பெரும்பாலான டிரெய்லர்களின் முகப்பில் தனி டீசல் எஞ்சின் மணிக்கு 2 முதல் 4 லிட்டர் குடித்துக்கொண்டிருக்கிறது. 1970-ஆம் ஆண்டு ஜெனீவா ஒப்பந்தப்படி, உறைபொருள் பெட்டியின் சுவர் சதுர மீட்டருக்கு ஒரு பாகை வேறுபாட்டில் 0.4 வாட்டுக்கு மேல் வெப்பத்தைக் கடத்தக் கூடாது. பெட்டியின் பரப்பு சுமார் 150 சதுர மீட்டர். வெளியே 30 பாகை, உள்ளே மைனஸ் 20 என்றால் சுவர் வழியே நுழையும் வெப்பம் 3 கிலோவாட். அதை வெளியேற்ற ஒரு நாள் முழுக்க 50 முதல் 70 யூனிட் போதும். அதே நாளில் வண்டியை இழுக்க 860 யூனிட் ஆகிறது. அல்மேரியா காய்கறிகளுக்கு இதுகூட வேண்டாம். அவற்றின் ஏற்றுமதிக் காலம் குளிர்காலம். அப்போது குளிரூட்டி லேசாக ஓடும், சில வேளை காய் உறையாதிருக்கச் சூடே தர வேண்டியிருக்கும். கதவு ஓயாமல் திறக்கும் நகர வினியோகத்தில்தான் குளிரூட்டிக்கு உண்மையான சுமை.

மெய்யான தொல்லை, டிரெய்லர் லாரியை விட்டுப் பிரிவது. இரண்டுக்கும் உரிமையாளர் வேறாக இருக்கலாம். டிரெய்லர் மட்டும் கப்பலேறலாம், யார்டில் இரவெல்லாம் நிற்கலாம். கப்பலிலும் கிடங்கிலும் மும்முனை மின்சாரத்தில் செருகும் வசதி நெடுங்காலமாகவே உண்டு. மற்ற நேரத்துக்கு ஷ்மிட்ஸ் கார்கோபுல் போன்றோர் டிரெய்லருக்கே பேட்டரியும், அச்சில் மின்னாக்கியும் வைக்கிறார்கள். இந்த மின்சாரம் இலவசமாகக் கிடைப்பதுபோல் பேசுவதுண்டு. பிரேக் பிடிக்கும்போது மட்டுமே அது உண்மை. மற்ற நேரங்களில் முன்னால் இழுக்கும் லாரிதான் அதற்கும் விலை கொடுக்கிறது.

இ-ஆக்ட்ரோஸ் 600-இன் பேட்டரி எடை சுமார் நாலரை டன். ஐரோப்பிய ஒன்றியம் கூடுதலாக 2 டன் அனுமதிப்பதால் பாதிப்பு குறைகிறது. கீரை ஏற்றுபவருக்கு எடைக்கு முன்பே இடம் தீர்ந்துவிடும். உறைந்த இறைச்சி ஏற்றுபவர்தான் ஒவ்வொரு டன்னையும் எண்ணுவார். விலை டீசல் லாரியைப் போல இரண்டு முதல் இரண்டரை மடங்கு. ஜெர்மனி 2023 டிசம்பரில் கரிம உமிழ்வைச் சுங்கக் கட்டணத்தில் சேர்த்து, மின் லாரிகளுக்கு விலக்கும் அளித்தது. அதிகம் ஓடும் வண்டிக்கே அது பலன்.

ஐரோப்பிய ஒன்றியத்தின் 2023-ஆம் ஆண்டு விதி, 2030-க்குள் முதன்மைச் சாலைகளில் 60 கி.மீ.க்கு ஒரு லாரி சார்ஜிங் நிலையம் கேட்கிறது. டெய்ம்லர், வோல்வோ, டிராடன் ஆகிய போட்டியாளர்கள் சேர்ந்து 2022-இல் மிலன்ஸ் நிறுவனத்தைத் தொடங்கியதும் லாரி சார்ஜிங் நிலையங்கள் அமைக்கவே. மேலே கம்பி கட்டி ஓடும் லாரிகளுக்கு மின்சாரம் தரும் ஜெர்மனியின் ஏ5 சாலைச் சோதனை 2019-இல் தொடங்கி 2024 இறுதியில் முடிந்தது. சீனாவில் பேட்டரியையே மாற்றிக்கொள்ளும் நிலையங்கள் பெருகியிருக்கின்றன. சுரங்கம், துறைமுகம், உருக்காலை எனக் குறிப்பிட்ட இரு முனைகளுக்கிடையே போய்வரும் வண்டிகளுக்கு அது நன்கு பொருந்துகிறது. அல்மேரியா பாதையிலோ நான்கு நாடுகளும், ஒருவர் பேட்டரி மற்றவருக்குப் பொருந்தாத பல உற்பத்தியாளர்களும் குறுக்கே நிற்கிறார்கள்.