கைப்பிடித் துணிக்குப் பின்னால ஒரு ஃபேக்டரி

(எபிசோடின் திருத்திய எழுத்து வடிவம்)

இன்னிக்கு ஒரு சாதாரணத் துணியோட வரலாறு. அடுப்புலேர்ந்து சூடான பாத்திரத்தை இறக்குறப்ப பிடிக்கிறோமே, அந்தக் கைப்பிடித் துணி. சில வீடுகள்ல கரித்துணின்னு சொல்வாங்க.

நம்ம வீடுகள்ல இதைக் கடையில வாங்குற பழக்கம் பெரிசா இருந்ததில்ல. வீட்டுல மிஞ்சின துணிதான் அடுப்படிக்கு வரும். அதுக்கும் ஒரு வரிசை உண்டு. பழைய வெள்ளை வேட்டியில நல்ல பாகம் இட்லித் துணியாகும். மெலிஞ்ச பாகம் ஊறுகாய் ஜாடிக்கு வேடு கட்டப் போகும். நைஞ்சுபோனதை நாலா மடிச்சு ஓரம் தைச்சா கைப்பிடித் துணி.

இதுக்குப் பருத்திதான் சரி. பருத்தி சூட்டுல கருகும், ஆனா உருகாது. பாலியஸ்டர் 250 டிகிரி தாண்டினா உருகித் தோல்ல ஒட்டிக்கும். கேஸ் அடுப்புத் தீ அதைவிடப் பல மடங்கு சூடு. வெத்தலை பாக்கோட வர்ற பளபள ரவிக்கைத் துண்டைப் பெரும்பாலும் அடுப்புப் பக்கம் கொண்டுபோகாம இருக்கிறது நல்லது.

1924-ல ஒரு கேள்வி

இந்த வேலையைச் சுலபமாக்கினது தையல் மெஷின். 1846-ல அமெரிக்காவுல எலியாஸ் ஹோவ் காப்புரிமை வாங்கினார். 1851-ல ஐசக் சிங்கர் தன் மெஷினுக்கு வாங்கினார். கொஞ்ச வருஷத்துலயே சிங்கர் கம்பெனி தவணை முறையில விற்க ஆரம்பிச்சது. இந்தியாவுல மெஷின் முதல்ல போய்ச் சேர்ந்தது பெரும்பாலும் ஆண் தையல்காரர்கள்கிட்டதான்.

1924-ல டெல்லியில காந்தியைச் சந்திச்ச ஜி. ராமச்சந்திரன்ங்கிற மாணவர், நீங்க எல்லா இயந்திரத்துக்கும் எதிரியான்னு கேட்டார். இல்லைன்னு சொன்ன காந்தி, உதாரணமா எடுத்தது சிங்கர் தையல் மெஷினை. மனைவி கையால தைச்சுக் கஷ்டப்படுறதைப் பார்த்து, அன்புல சிங்கர் அதை உருவாக்கினார்னு காந்தி நம்பினார். நிஜ சிங்கர் ஒரே நேரத்துல பல குடும்பங்கள் நடத்தினவர். இருபதுக்கும் மேல பிள்ளைகள். அது தனி எபிசோட்!

ராமச்சந்திரன் விடலை. அந்த மெஷினைச் செய்யவே ஒரு ஃபேக்டரி வேணுமேன்னார். காந்தி ஒத்துக்கிட்டார். ஆனா அந்த ஃபேக்டரி அரசு கையில இருக்கணும், லாபத்துக்காக ஓடக் கூடாது, வேலை செய்யறவங்களுக்கு நல்ல சூழல் இருக்கணும்னு நிபந்தனை போட்டார்.

இதே ராமச்சந்திரன்தான் பின்னாடி டாக்டர் சௌந்தரத்தோட சேர்ந்து 1947-ல திண்டுக்கல் பக்கத்துல காந்திகிராமத்தைத் தொடங்கினார். சௌந்தரம் யாருன்னா, டிவிஎஸ் நிறுவனர் டி. வி. சுந்தரம் ஐயங்காரோட மகள்.

ஒரகடம் பக்கம் வருவோம்

அந்தப் பழைய கேள்வியை ஸ்ரீபெரும்புதூர்–ஒரகடம் சாலையில நின்னு இன்னொரு தடவை கேட்கலாம். 1998-ல இருங்காட்டுக்கோட்டையில ஹூண்டாய் கார் வெளிய வந்தது. 2006-ல நோக்கியா வந்தது, 2014-ல மூடினாங்க. 2010-ல ஒரகடத்துல ரெனோ-நிஸ்ஸான். செல்போன் ஃபேக்டரிகள்ல வேலை பார்க்கிறவங்கள்ல பெரும்பாலும் இளம்பெண்கள், பல மாவட்டங்கள்லேர்ந்து வந்தவங்க.

மிச்சத் துணி இங்கேயும் உண்டு. ஒர்க்‌ஷாப்ல ஆயில் துடைக்கிற பனியன் வேஸ்ட், திருப்பூர் மாதிரி ஊர்கள்ல பனியன் வெட்டும்போது மிஞ்சுற துணிதான். அது கிலோ கணக்குல விலைக்குப் போகுது. வீட்டுல அதே மாதிரித் துணியை வெட்டி, மடிச்சு, தைச்ச பெண்ணோட வேலைக்கு யாரும் விலை போடலை. மிச்சத் துணி இலவசமா தெரிஞ்சதுக்குக் காரணம், அவங்க நேரத்தை நாம கணக்குலயே எடுத்துக்காததுதான்.

அதனால 'அந்தக் காலம் பொற்காலம்'னு சொல்ல நான் தயாரில்ல. தன் பேர்ல சம்பளம் வர்றது பெரிய விஷயம். ஆனா காந்தி போட்ட நிபந்தனை இன்னும் பாக்கி இருக்கு. 2021 டிசம்பர்ல ஹாஸ்டல் சாப்பாட்டால பல பெண்களுக்கு உடம்பு சரியில்லாம போச்சு. ஃபாக்ஸ்கான் தொழிலாளிகள் சென்னை–பெங்களூரு நெடுஞ்சாலையில மறியல் பண்ணாங்க. 2024 ஆகஸ்ட்ல வல்லம் வடகால்ல 18,720 பேர் தங்குற குடியிருப்பு திறந்தாங்க. இடவசதியில அது பெரிய முன்னேற்றம். ஆனாலும் அங்கே பொதுச் சமையல், பொது உணவுக்கூடம். கைப்பிடித் துணி தொங்க ஒரு சொந்த அடுப்படி கிடையாது.

கால் மணி நேரம் இருந்தா

அடுப்படி இருக்கிறவங்களுக்கு ஒரு சின்ன வேலை. ஒரு சாண் அளவுக்கு ரெண்டு பருத்தித் துண்டு, பழைய டவல்ல அதே அளவு ஒண்ணு வெட்டுங்க. பருத்தித் துண்டுகளோட நல்ல பக்கம் ரெண்டும் ஒண்ணை ஒண்ணு பார்க்கணும், டவல் மேல. ஓரம் சுத்தித் தைச்சு, நாலு விரல் இடம் மட்டும் விடுங்க. அது வழியா திருப்பிப் போட்டு அந்த வாயை மூடுங்க. குறுக்கே ரெண்டு ஓட்டுத் தையல், மூலையில ஒரு நாடா. மெஷின் வேண்டாம், ஊசி போதும். ஈரத் துணியால மட்டும் சூடான பாத்திரத்தைப் பிடிக்காதீங்க, சூடு சட்டுனு கைக்கு ஏறிடும்.

தைக்கிறப்ப மணியைப் பாருங்க. எத்தனை நிமிஷம் ஆச்சுன்னு எங்களுக்கு எழுதுங்க. உங்க வீட்டுல இதுக்கு முன்னாடி யார் தைச்சாங்கன்னும் சேர்த்து எழுதுங்க. அடுத்த எபிசோட்ல சந்திப்போம்.