வாய்க்காலுக்கு மேற்கே

சனி, ஞாயிறு என்னும் இரு தினங்களை மட்டும் கையில் வைத்துக்கொண்டு, சென்னையிலிருந்து கிழக்குக் கடற்கரைச் சாலை வழியே ஏறத்தாழ 150 கிலோமீட்டர் கடந்து புதுச்சேரிக்கு வந்து சேரும் இளந்தம்பதிகள், கடற்கரைச் சாலையில் கைகோத்து நடந்து, மஞ்சள் வர்ணம் பூசிய மதில்களின்மேல் காகிதப்பூ பூத்துக் குலுங்கும் வீதிகளில் நின்று படம் எடுத்துக்கொண்டு, பிரெஞ்சுப் பெயர் தாங்கிய ஏதேனும் ஒரு போஜனசாலையில் இரவு உணவை முடித்து, ஊரைக் கண்டுவிட்ட திருப்தியோடு திரும்பிவிடுகிறார்கள். அவர்கள் கண்டதில் அழகுக்குக் குறைவில்லை. ஆனால் ஊரை வடக்குத் தெற்காகப் பிளந்து செல்லும் பெரிய வாய்க்காலின் கிழக்குக் கரையோடு அவர்களுடைய யாத்திரை நின்றுவிடுவதைக் காணும்போதெல்லாம் என் மனம் துயருறும். வெள்ளையர் பட்டணம் என்று அந்நாளில் வழங்கிய கிழக்குப் பகுதி இந்நகரத்தின் முகம் என்றால், தமிழர் பட்டணமாகிய மேற்குப் பகுதியே அதற்குச் சோறும் செல்வமும் ஞாபகமும் அளித்த இடம். என் இல்லாளோடு நான் பலமுறை அங்கே சென்று தங்கியிருக்கிறேன். ஒவ்வொரு முறையும் எங்கள் முதல் நடை வாய்க்காலைத் தாண்டியே தொடங்கும்.

இவ்வூர் துணியால் எழுந்த ஊர். 1674-ஆம் ஆண்டில், பிஜப்பூர் சுல்தானின் பிரதிநிதியாக இருந்த ஷேர்கான் லோடியின் அனுமதி பெற்றுப் பிரெஞ்சுக்காரரான பிரான்சுவா மார்த்தேன் இங்கே குடியமர்ந்ததற்குக் காரணம், சுற்றுப்புறத்து நெசவாளர் நெய்த துணியும், அவுரிச் சாயமும், அவற்றைக் கொண்டுவந்து சேர்க்கத்தக்க தமிழ் வணிகர்களுமே. 1693-இல் ஒல்லாந்தர் ஊரைக் கைப்பற்றி, 1699-இல் திருப்பிக் கொடுத்தனர். இடைப்பட்ட அந்தச் சில ஆண்டுகளில் அவர்கள் வரைந்த நகரப் படமே, இன்று பிரெஞ்சுக்காரரின் ஒழுங்கு என்று நாம் வியக்கும் குறுக்கு நெடுக்கான தெருக்களுக்கு ஆதாரமாயிற்று என்பதை அறிந்தவர் சிலரே. அந்தக் கோடுகளுக்குள் குடியேறியவர்களின் குலமும் தொழிலும் வைசியாள் வீதி, வெள்ளாளர் வீதி, செட்டித் தெரு என இன்றும் பெயர்ப்பலகைகளில் நின்று பேசுகின்றன.

சனிக்கிழமை காலையில் தம்பதிகள் முதலிற் செல்லவேண்டிய இடம் பெரிய அங்காடி. பூக்கூடைகளின் ஈர மணமும் மீன்கடைகளின் இரைச்சலும் நிறைந்த அவ்விடத்துக்கு அருகிலேதான், தம் பெயரையே தெருவுக்குத் தந்த ஆனந்தரங்கப் பிள்ளையின் மாளிகை இருக்கிறது. கீழ்த்தளத்தில் தமிழ்த் தச்சர் இழைத்த மரத்தூண்கள் நிற்க, மேல்தளத்தில் சுண்ணம் பூசிய ஐரோப்பியத் தூண்கள் எழும் அந்த இல்லத்தை அண்ணாந்து பார்க்கும்போது, அதில் வாழ்ந்தவரின் வாழ்க்கையே கட்டடமாகி நிற்பதுபோல் தோன்றும். 1709-இல் பெரம்பூரில் பிறந்து, பிரெஞ்சு கவர்னர் டூப்ளேயிடம் துபாஷி என்னும் மொழிபெயர்ப்பாளராகவும் தலைமை வணிகராகவும் விளங்கிய அவர், 1736 முதல் ஏறத்தாழ 25 ஆண்டுக்காலம் தமிழில் தினசரிக் குறிப்பு எழுதி வந்தார். இன்ன கப்பல் வந்தது, கோட்டையில் எத்தனை குண்டு முழங்கிற்று, துணிக்கு என்ன விலை, கவர்னர் எந்தப் பொழுதில் முகம் சிடுசிடுத்தார், வீதியில் எந்த வதந்தி நடமாடிற்று என்று ஒன்றையும் விடாமல், தாம் கேட்டது கேட்டபடி, தம் காலத்துப் பேச்சுத் தமிழிலேயே எழுதி வைத்தார். 1846-இல் அந்தக் கையெழுத்துச் சுவடிகளை ஒரு பிரெஞ்சு அதிகாரி கண்டெடுத்திராவிட்டால், பதினெட்டாம் நூற்றாண்டுத் தென்னிந்தியாவை ஒரு தமிழரின் கண்ணால் காணும் பாக்கியம் நமக்கு இராது.

அந்தக் குறிப்பிலே துயரம் மிகுந்த பகுதி 1748-ஆம் ஆண்டைச் சேர்ந்தது. ஆங்கிலேயர் ஊரை முற்றுகையிட்டிருந்த அச்சமயத்தில், ஏசுசபைக் குருமாரின் ஆலயத்தை அடுத்திருந்த வேதபுரீசுவரர் கோயில் டூப்ளேயின் ஆட்சியால் இடிக்கப்பட்டது. அதிகாரத்தின் அருகிலிருந்தும் அதைத் தடுக்க இயலாமற்போன ஒரு மனிதரின் வேதனை அந்நாட்குறிப்பின் வரிகளில் ஊறிக்கிடக்கிறது. ஈசுவரன் பின்னர் வேறிடத்தில் எழுந்தருளினார். இன்று காந்தி வீதியில் அந்தக் கோயிலைக் காணலாம். பழைய ஏசுசபை ஆலயத்தின் வழிவந்த பேராலயமோ, ‘சான் பாலோ’ என்ற பெயர் தமிழ் நாவில் உருண்டு திரண்டு, சம்பாக் கோயில் என்றே வழங்குகிறது. கப்புச்சின் துறவியரின் ஆலயம் கப்ஸ் கோயிலானதும் இவ்வாறே. இவ்விரு பெயர்களையும் ரிக்‌ஷாக்காரரின் வாயால் கேட்டுப் பாருங்கள். நூற்றாண்டுகளின் வழக்கு அந்த உச்சரிப்பில் வாழ்கிறது.

பிள்ளையவர்கள் 1761 ஜனவரி 12-ஆம் நாள் உயிர் நீத்தார். நான்கு நாள் கழித்து, 16-ஆம் நாள், பசியால் வாடிய நகரம் ஆங்கிலேயரிடம் சரணடைந்தது. பிரெஞ்சுத் தளபதி லாலி 1758-இல் கடலூரின் செயின்ட் டேவிட் கோட்டையைத் தகர்த்ததற்குப் பழி தீர்ப்பார்போல், வென்றவர்கள் புதுச்சேரிக் கோட்டையையும் மாளிகைகளையும் இடித்துத் தரைமட்டமாக்கினர். ஊரைப் பிரெஞ்சுக்காரருக்கே திருப்பித் தந்த பாரிஸ் உடன்படிக்கைக்குப் பின், 1765-இல் பிரெஞ்சு கவர்னர் ழான் லா வந்து இடிபாடுகளினிடையே நகரை மீண்டும் எழுப்பத் தொடங்கினார். ஆகவே, கிழக்குக் கரையில் நாம் டூப்ளேயின் ஊரென்று மயங்கி நடக்கும் வீதிகளில் அவர் கண்ட வீடு அநேகமாக ஒன்றும் இல்லை. தெருக்களின் போக்கே பழையது, சுவர்கள் பிற்காலத்தவை. இதை மனத்திற்கொண்டு நடந்தால், அந்த மஞ்சள் மதில்களின் மேல் நமக்கு ஏற்படும் பிரியம் குறைவதற்கு மாறாக இன்னும் ஆழமாகிறது.

மேற்கே வைசியாள் வீதியில் நிதானமாக நடக்கவேண்டும். பிரெஞ்சு வீடு உயர்ந்த மதிலால் தன்னை மறைத்துக்கொண்டு, தோட்டத்தையும் தூண்களையும் உள்ளே வைத்திருக்கும். தமிழ் வீடோ தெருவை நோக்கித் தாழ்வாரம் இறக்கி, மரக்கால்களின் மேல் ஓட்டுக்கூரையைச் சாய்த்து, அதன் நிழலில் வழிப்போக்கரை உட்காரச் சொல்லும். அதற்குப் பின்னே வீட்டார் அமரும் திண்ணை. அதன்பின் சித்திர வேலைப்பாடுள்ள கதவு. கதவைத் திறந்தால் வானம் இறங்கிவரும் முற்றம். ஒரு சமயம் நடுப்பகல் வெயிலில் களைத்து, அத்தகைய தாழ்வாரமொன்றில் நாங்கள் ஒதுங்கினோம். வீட்டு மூதாட்டி கதவருகில் வந்து, “வெயில்ல எங்கம்மா அலையறீங்க? உள்ள வந்து தண்ணி குடிச்சிட்டுப் போங்க” என்றார். முற்றத்தில் ஒரு முறத்தின் மேல் வடகம் காய்ந்துகொண்டிருந்தது. சின்ன வெங்காயத்தையும் பூண்டையும் இடித்து, கடுகு, உளுந்து, வெந்தயம், சீரகம், மஞ்சள், கறிவேப்பிலை கலந்து, விளக்கெண்ணெய் தொட்டு உருட்டிய உருண்டைகள்; பகலெல்லாம் வெயிலில் காய்ந்ததை மாலையில் பிசைந்து மீண்டும் உருட்டவேண்டும் என்றும், நாளாக நாளாக நிறம் கறுத்து வாசனை ஏறும் என்றும் அவர் விளக்கினார். இந்த உருண்டையே கடல் கடந்து, ‘வாதூவான்’ என்ற பெயரோடு பிரெஞ்சுச் சமையற்காரர்களின் அஞ்சறைப்பெட்டியில் இடம் பிடித்தது. ஒரு சிட்டிகை வடகம் எண்ணெயில் பொரியும் மணம் மீன் குழம்பின்மேல் எழுவதை அறியாமல் புதுச்சேரியில் உண்டேன் என்று சொல்வது முழு உண்மையாகாது.

ஆகையால் உணவு விஷயத்தில் என் யோசனை இது. சனிக்கிழமை மதியம், தமிழர் பட்டணத்தில் விடுதியாக மாறியிருக்கும் பழைய வீடுகளுள் ஒன்றில் அமர்ந்து, வடகம் தாளித்த மீன் குழம்பு உண்ணுங்கள். தேங்காய்ப்பால் சேர்த்துக் காரம் தணித்த பிரெஞ்சு–தமிழ்க் கலப்புச் சமையலும், காடியும் பூண்டும் இட்டுச் செய்யும் விந்தாலுவும் இரவுக்கு ஏற்றவை. ஞாயிற்றுக்கிழமை காலைக்கு நேரு வீதியிலுள்ள இந்தியன் காபி ஹவுஸ் போதும். ஒரு காலத்தில் டூப்ளேயின் பெயரைத் தாங்கியிருந்த வீதி அது.

காபிக்குப் பின் ஈசுவரன் தர்மராஜா கோயில் வீதிக்குச் செல்லலாம். ஆங்கிலேயர் பிடியிலிருந்து தப்பி 1908-இல் இங்கு வந்த பாரதியார், 1918 வரை பத்தாண்டுகள் இந்நகரத்தில் வாழ்ந்தார். அவர் குடியிருந்த வீடு இவ்வீதியிலே நினைவகமாக இருக்கிறது. 1910-இல் அரவிந்தரும் வ. வே. சு. ஐயரும் வந்து சேர்ந்தனர். துணி வாங்க வந்த பிரெஞ்சுக்காரரின் எல்லைக்கோடு, தமிழின் நவீன கவிதைக்குக் காப்பாக அமைந்தது காலத்தின் விசித்திரம்.

கடற்கரையை நாங்கள் எப்போதும் கடைசியில் வைத்துக்கொள்வோம். மாலை ஆறு மணிக்கு வாகனங்கள் நிறுத்தப்பட்டுச் சாலை முழுதும் நடப்பவர்களுக்கு உரியதாகும். காந்தியடிகளின் சிலையைச் சூழ்ந்து நிற்கும் உயர்ந்த கற்றூண்கள் செஞ்சியிலிருந்து வந்தவை. அவற்றின்மேல் சிற்பி செதுக்கிய கொடியையும் உருவங்களையும் உப்புக்காற்று மெல்ல அரித்து வருகிறது, விரலால் தடவினால் தெரியும். அப்பால் நீரில், 1952-ஆம் ஆண்டுப் புயலில் அழிந்த பழைய பாலத்தின் கால்கள் கறுத்து நிற்கின்றன. பிள்ளையின் காலத்தில் அந்தப் பாலமும் கிடையாது. கப்பல்கள் தொலைவிலே நங்கூரமிட, மசூலாப் படகுகளே துணிப்பொதிகளை அலைகளினூடே சுமந்து சென்றன. “கப்பல் எந்தப் பக்கம் நின்றிருக்கும்?” என்று என் இல்லாள் கேட்டாள். நான் கையை நீட்டிக் காட்டிய திசையில், விளக்கேற்றிய மீன்பிடிப் படகொன்று வடக்கு நோக்கிப் போய்க்கொண்டிருந்தது.