ஈற்றுக் கூண்டும் பன்றிக் குட்டிகளின் பிழைப்பும்

பெண் பன்றியின் சினைக்காலம் ஏறத்தாழ 114 நாள்கள். ஈற்று நெருங்கியதும் அது கூட்டத்தை விட்டு விலகிச் சென்று, மூக்கால் மண்ணைக் கிளறிப் பள்ளமாக்கி, புல்லும் சுள்ளியும் சேர்த்துப் படுக்கை அமைக்கும். 1970களின் இறுதியில் எடின்பரோவில் ஸ்டோல்பா, உட்-குஷ் ஆகிய ஆய்வாளர்கள் பண்ணைப் பன்றிகளை மரங்களும் ஓடையும் உள்ள வேலியிட்ட நிலத்தில் விட்டுக் கவனித்தனர். தலைமுறை தலைமுறையாகத் தொழுவத்தில் வளர்ந்த இனமாயினும், காட்டுப்பன்றியைப் போலவே அவையும் படுக்கை கட்டின.

குட்டி பிறக்கும்போது ஒன்றரை கிலோ எடைகூட இருப்பதில்லை. தாயோ 200 கிலோவுக்கு மேல். தாய் படுக்கும்போதோ புரளும்போதோ குட்டி அடியில் சிக்கி இறப்பது பன்றி வளர்ப்போரின் பழைய கவலை. முற்காலத்தில் சுவரை ஒட்டித் தரையிலிருந்து சற்று உயரத்தில் கம்பித் தடுப்பு பொருத்தினர். குட்டி அதன் கீழே ஒதுங்கித் தப்பும். 1960களில் ஐரோப்பாவில் பெரும் பண்ணைகள் பெருகியபோது இரும்புக் குழாய்களாலான ஈற்றுக் கூண்டு பரவியது. அதன் அகலம் சுமார் 60 செ.மீ., நீளம் சுமார் 2 மீட்டர். தாய் எழலாம், படுக்கலாம், திரும்ப முடியாது. இடமும் ஆள்கூலியும் மிச்சமாயின. ஆனால் படுக்கை கட்டும் உந்துதல் மட்டும் அடங்கவில்லை. வைக்கோல் இல்லாத தரையையும் கம்பியையும் தாய் பிராண்டிக்கொண்டே இருந்தது.

சுவீடன் 1988ஆம் ஆண்டுச் சட்டத்திலேயே இக்கூண்டை விலக்கியது. சுவிட்சர்லாந்து 1997இல் விலக்க முடிவுசெய்து, பண்ணையாளர்களுக்குப் பத்தாண்டு அவகாசம் தந்தது. கூண்டை நீக்கினால் குட்டிகள் கூட்டமாகச் சாகும் என்ற அச்சம் அன்று பொதுவாக இருந்தது. 2007இல் வெளியான, 600க்கும் மேற்பட்ட சுவிஸ் பண்ணைகளின் பதிவேடுகளை ஒப்பிட்ட ஆய்வு வேறொன்றைக் காட்டியது. கூண்டில்லாத கொட்டில்களில் நசுங்கி இறந்த குட்டிகள் சற்று அதிகம். கூண்டுள்ளவற்றில் பிற காரணங்களால் இறந்தவை அதிகம். மொத்த இறப்பில் இரண்டுக்கும் குறிப்பிடத்தக்க வேறுபாடு இல்லை.

இது வியப்பன்று. பிறந்த குட்டிக்கு 30 டிகிரி செல்சியசுக்கு மேற்பட்ட வெதுவெதுப்பு வேண்டும். தாய்க்கோ 20 டிகிரிக்கும் கீழே இருந்தால்தான் சுகம். குளிரில் விறைத்து, சீம்பால் போதிய அளவு குடிக்காத குட்டி தாயை ஒட்டியே கிடக்கும். விலகி ஓடவும் வலுவிராது. அது நசுங்கிச் செத்தால் பதிவேட்டில் 'நசுங்கல்' என்றுதான் எழுதப்படும். தொடக்கம் பசியிலும் குளிரிலும் இருந்தது என்பது அங்கே தெரியாது. சுவிட்சர்லாந்தில் ஈற்றுக் கொட்டிலுக்குக் குறைந்தது 5.5 சதுர மீட்டர் இடமும், படுக்கைக்கு வைக்கோலும், குட்டிகளுக்குத் தனியே சூடான மூலையும் வைத்தது இக்காரணம் பற்றியே. குட்டிகளைத் தாக்கும் தாயையோ கால் நோயுள்ளதையோ மட்டும் சில நாள்கள் அடைக்க அங்கு இடமுண்டு.

ஜெர்மனி 2021 முதல் வேறு வழியில் செல்கிறது: ஈற்றையொட்டி ஐந்து நாள்கள் மட்டும் அடைக்கலாம், பழைய பண்ணைகள் மாற 15 ஆண்டுகள். பிரிட்டன் 1999இல் சினைப் பன்றிகளுக்கான அடைப்பைத் தடை செய்தது. ஈற்றுக் கூண்டை விட்டுவைத்தது. இதற்கிடையே இனத்தேர்வால் ஓர் ஈற்றின் குட்டி எண்ணிக்கை கூடிக்கொண்டே போகிறது. டென்மார்க் போன்ற நாடுகளில் தாயின் காம்புகளைவிடக் குட்டிகள் அதிகமாகப் பிறப்பது இன்று வழக்கமாகிவிட்டது. மிகுந்தவற்றை வேறொரு தாயிடம் சேர்க்க வேண்டியிருக்கிறது.