சிஎஸ்கே-வுக்கு 2 வருஷம் தடை ஏன்? பெட்டிங்கா, ஃபிக்ஸிங்கா? ஓயாத ரசிகர் சண்டையின் முழு பின்னணி

ஐபிஎல் சீசன் தொடங்கினால் போதும், சென்னை சூப்பர் கிங்ஸ் ஜெயித்தாலும் தோற்றாலும் ஒரு கிண்டல் மட்டும் தவறாமல் வந்துவிடும். "தடை வாங்கின டீம்தானே?" உடனே மஞ்சள் ஜெர்சி தரப்பிலிருந்து பதில்: "எங்க பிளேயர்ஸ் என்னய்யா தப்பு பண்ணாங்க?" மயிலாப்பூர் டீக்கடை, பாண்டி பஜார் நடைபாதை, அடையாறு ஆபீஸ் லஞ்ச் டேபிள் என்று எங்கே ஆரம்பித்தாலும் இந்தப் பேச்சு கடைசியில் "அப்போ ஃபிக்ஸிங் நடந்துச்சா, இல்லையா?" என்ற கேள்வியில் போய் முட்டி நிற்கும்.

நேரடியாகவே சொல்லிவிடலாம். சிஎஸ்கே ஆட்டங்கள் ஃபிக்ஸ் செய்யப்பட்டதாக எந்த விசாரணையிலும் நிரூபிக்கப்படவில்லை. ஆனால் "ஒண்ணுமே நடக்கல, சும்மா பழி போட்டாங்க" என்பதும் உண்மை இல்லை. அணியின் முக்கியப் பொறுப்பில் இருந்தவர் தன் அணியின் ஆட்டங்கள் மீதே சூதாடினார், உள் தகவலை வெளியே சொன்னார் என்பது உச்ச நீதிமன்றம் வரை போய் உறுதியான விஷயம்.

2013 மே மாதம் என்ன நடந்தது?

முதலில் மாட்டியது சென்னை அணி இல்லை. 2013 மே 16-ம் தேதி ராஜஸ்தான் ராயல்ஸ் வீரர்கள் ஸ்ரீசாந்த், அஜித் சண்டிலா, அங்கீத் சவான் ஆகிய மூன்று பேரை டெல்லி போலீஸ் கைது செய்தது. குறிப்பிட்ட ஓவரில் குறிப்பிட்ட அளவு ரன் கொடுக்கிறேன் என்று புக்கிகளிடம் ஒத்துக்கொண்டார்கள் என்பதுதான் குற்றச்சாட்டு. இதற்குப் பெயர் ஸ்பாட் ஃபிக்ஸிங். (அந்த வழக்கில் 2015 ஜூலையில் டெல்லி நீதிமன்றம் மூவரையும் விடுவித்துவிட்டது என்பது தனிக்கதை.)

அடுத்து மும்பை போலீஸ் வேறு ஒரு நூலைப் பிடித்தது. மே 21-ம் தேதி இந்தி நடிகர் விந்து தாரா சிங் கைதானார். அவரது தொலைபேசித் தொடர்புகள் வழியாக வெளியே வந்த பெயர்தான் குருநாத் மெய்யப்பன். மே 24-ம் தேதி இரவு அவரும் மும்பையில் கைது செய்யப்பட்டார். இரண்டே நாளில், மே 26-ம் தேதி, கொல்கத்தா ஈடன் கார்டனில் இறுதிப் போட்டி. மும்பையிடம் 23 ரன்னில் தோற்றது சென்னை. தோனி மட்டும் 63 ரன் எடுத்துக் கடைசி வரை நின்றார்.

யார் இந்த குருநாத்?

ஏவிஎம் சினிமா குடும்பத்து வாரிசு. அதைவிட முக்கியம், அவர் என். சீனிவாசனின் மருமகன். சீனிவாசன் அப்போது இந்தியா சிமெண்ட்ஸின் நிர்வாக இயக்குநர், இந்திய கிரிக்கெட் கட்டுப்பாட்டு வாரியத்தின் தலைவர், தமிழ்நாடு கிரிக்கெட் சங்கத்தின் தலைவர். இந்தியா சிமெண்ட்ஸ்தான் சிஎஸ்கே-வின் உரிமையாளர். அதாவது போட்டியை நடத்தும் அமைப்பின் தலைவரும், போட்டியில் ஆடும் ஒரு அணியின் முதலாளியும் ஒரே ஆள். இந்த ஒரு வரியை மறந்துவிட்டால் மொத்த விவகாரமும் புரியாது.

கைதான அன்றே இந்தியா சிமெண்ட்ஸ் ஒரு அறிக்கை விட்டது. குருநாத் அணியின் உரிமையாளரும் இல்லை, சிஇஓ-வும் இல்லை, டீம் பிரின்சிபலும் இல்லை, நிர்வாகக் குழுவில் ஒரு கௌரவ உறுப்பினர் மட்டுமே என்றது அந்த அறிக்கை. அதுவரை டிவியில் சிஎஸ்கே டக்-அவுட்டில் அவர் உட்கார்ந்திருப்பதையும், வீரர்கள் ஏலத்தில் அணி மேஜையில் இருப்பதையும் பார்த்துப் பழகிய ரசிகர்களுக்கு இது எப்படி இருந்திருக்கும்! மாமனாரின் நிறுவனமே "இவர் யாரோ" என்று சொன்ன அந்த நாளில்தான் சென்னை ரசிகர்களில் பலருக்கு முதல் சந்தேகம் வந்தது.

"ஆர்வலர்" வாதம் எப்படி விழுந்தது?

முதலில் கிரிக்கெட் வாரியமே ஓய்வு பெற்ற இரண்டு நீதிபதிகளை வைத்து ஒரு விசாரணைக் குழு அமைத்தது. தப்பு நடந்ததற்கு ஆதாரம் இல்லை என்று அந்தக் குழு ஜூலை கடைசியில் சொல்ல, அடுத்த இரண்டு நாளில் குழுவை அமைத்ததே சட்டவிரோதம் என்றது மும்பை உயர் நீதிமன்றம். வழக்கு போட்டது பீகார் கிரிக்கெட் சங்கம். அதன் பிறகு விவகாரம் உச்ச நீதிமன்றத்துக்குப் போனது. 2013 அக்டோபரில் நீதிபதி முகுல் முத்கல் தலைமையில் குழு அமைக்கப்பட்டது.

2014 பிப்ரவரியில் முத்கல் குழு கொடுத்த அறிக்கைதான் திருப்புமுனை. குருநாத் வெறும் கிரிக்கெட் ஆர்வலர்தான், அணி விவகாரங்களில் அவருக்குச் சம்பந்தமில்லை என்று சீனிவாசன், தோனி, இந்தியா சிமெண்ட்ஸ் அதிகாரிகள் தரப்பில் சொல்லப்பட்டதாக அந்த அறிக்கை பதிவு செய்தது. தோனி அப்படிச் சொல்லவே இல்லை என்று பிறகு நீதிமன்றத்தில் வாரியத் தரப்பு வழக்கறிஞர் மறுத்தார். ரசிகர்கள் இன்றும் மல்லுக்கட்டும் இடங்களில் இது ஒன்று.

யார் என்ன சொன்னாலும், குழு அந்த வாதத்தை ஏற்கவில்லை. உரிமையாளர்கள் கூட்டத்தில் கலந்துகொள்கிறார், ஏலத்தில் உட்கார்கிறார், உரிமையாளர் என்ற அடையாள அட்டையோடு வீரர்கள் பகுதிக்குள் போய் வருகிறார். இவர் அணி அதிகாரி இல்லை என்றால் வேறு யார் அதிகாரி? குழு வந்த முடிவுகள் இரண்டு. ஒன்று, குருநாத் சிஎஸ்கே-வின் அதிகாரியே. இரண்டு, அவர் சிஎஸ்கே ஆட்டங்கள் மீது பந்தயம் கட்டினார், அதுவும் தன் அணிக்கு ஆதரவாக மட்டுமில்லாமல் எதிராகவும் கட்டினார். அணித் தகவல்களையும் வெளியே கடத்தினார்.

அறிக்கையில் வந்த ஒரு ஆட்டம் பெரிய பேச்சானது. 2013 மே 12, ஜெய்ப்பூர், ராஜஸ்தானுக்கு எதிரான ஆட்டம். சென்னை 130 முதல் 140 ரன் வரை எடுக்கும் என்று குருநாத் முன்கூட்டியே சொன்னதாகப் போலீஸ் தரப்பு சொன்னது. சென்னை எடுத்தது 141. "பாத்தீங்களா, ஃபிக்ஸிங்!" என்று குதிப்பவர்கள் காட்டுவது இந்த எண்ணைத்தான். ஆனால் 2014 நவம்பரில் வந்த முத்கல் குழுவின் இறுதி அறிக்கை, குருநாத் மேட்ச் ஃபிக்ஸிங்கில் ஈடுபட்டதற்கு ஆதாரம் இல்லை என்று சொல்லிவிட்டது. பெட்டிங் மட்டும் உறுதி. எதிரணி ரசிகர்கள் முதல் அறிக்கையோடு நின்றுவிடுகிறார்கள், நம்ம ஊர் ரசிகர்கள் இறுதி அறிக்கையின் அந்த ஒரு வரியை மட்டும் பிடித்துக்கொள்கிறார்கள். இரண்டையும் சேர்த்துப் படித்தால்தான் கதை முழுசாகும்.

பெட்டிங்குக்கும் ஃபிக்ஸிங்குக்கும் என்ன வித்தியாசம்?

ஆட்டத்தின் முடிவையோ, ஒரு ஓவரையோ, ஒரு பந்தையோ காசு வாங்கிக்கொண்டு மாற்றுவது ஃபிக்ஸிங். நடக்கப் போவது என்ன என்று பணம் கட்டுவது பெட்டிங்.

"கிண்டி ரேஸ் கோர்ஸ்ல குதிரை மேல கட்டினா தப்பில்ல, கிரிக்கெட் மேல கட்டினா மட்டும் தப்பா?" என்று கேட்பவர்கள் உண்டு. நியாயமான கேள்விதான். குதிரைப் பந்தயம் திறமை சார்ந்த விளையாட்டு, அது சூதாட்டம் ஆகாது என்று 1996-ல் உச்ச நீதிமன்றமே சொன்னது. அது மெட்ராஸ் ரேஸ் கிளப் சம்பந்தப்பட்ட வழக்கு. ஆனால் நாளைக்கே கிரிக்கெட் பந்தயத்தைச் சட்டபூர்வமாக்கினாலும் குருநாத் செய்தது தப்பாகத்தான் இருக்கும். ஏனென்றால் டாஸ் போடும் முன் யார் ஆடப் போகிறார்கள், யாருக்குக் காயம், ஆடுகளம் எப்படி என்று தெரிந்த ஆள் அவர். அப்படிப்பட்டவர் பந்தயம் கட்டவே கூடாது என்பது ஊழல் தடுப்பு விதி. பரீட்சைக் கேள்வித்தாள் தயாரிக்கும் இடத்தில் இருப்பவர், யார் எத்தனை மார்க் வாங்குவார் என்று பந்தயம் கட்டுவது மாதிரி. கேள்வியை மாற்றவில்லை என்றாலும் தப்பு தப்புதானே?

அவர் பண்ண தப்புக்கு டீமுக்கு ஏன் தண்டனை?

சிஎஸ்கே ரசிகர்களின் உண்மையான வலி இதுதான். ரெய்னா என்ன செய்தார், அஸ்வின் என்ன செய்தார்?

2015 ஜனவரி 22-ம் தேதி நீதிபதிகள் டி.எஸ். தாக்கூர், கலிஃபுல்லா அமர்வு தீர்ப்பளித்தது. (கலிஃபுல்லா நம்ம காரைக்குடிக்காரர்.) குருநாத், ராஜஸ்தான் அணியின் ராஜ் குந்த்ரா இருவரும் பந்தயம் கட்டியது நிரூபணமானது என்றது. தண்டனையை முடிவு செய்ய முன்னாள் தலைமை நீதிபதி ஆர்.எம். லோதா தலைமையில் மூன்று பேர் குழுவை அமைத்தது. 2015 ஜூலை 14-ம் தேதி லோதா குழு அறிவித்தது: குருநாத்துக்கும் குந்த்ராவுக்கும் கிரிக்கெட்டில் ஆயுள் தடை, இரண்டு அணிகளுக்கும் 2 ஆண்டு இடைநீக்கம். தடை வாங்கியது சென்னை மட்டும் இல்லை என்பதைக் கிண்டல் செய்பவர்கள் வசதியாக மறந்துவிடுவார்கள்.

ஐபிஎல் ஒப்பந்தப்படி அணி என்பது களத்தில் இறங்கும் 11 பேர் கிடையாது, உரிமம் பெற்ற நிறுவனம்தான் அணி. அதன் அதிகாரி லீக்கின் பெயரைக் கெடுத்தால் பொறுப்பு நிறுவனத்துக்கும் உண்டு. வீரர்களுக்கும் உரிமையாளர்களுக்கும் நஷ்டம் வருமே என்ற வாதம் லோதா குழுவின் முன்னும் வந்தது. விளையாட்டின் மீதான நம்பிக்கைக்கு முன்னால் அந்த நஷ்டம் பெரிதில்லை என்று குழு சொல்லிவிட்டது. விதிப்படி பார்த்தால் இந்தத் தண்டனை சரி. ஆனால் அதன் பாரத்தை அதிகம் சுமந்தது சேப்பாக்கம் கேலரியில் உட்காரும் ஆட்கள்தான் என்பதையும் மறுக்க முடியாது. 2016, 2017 இரண்டு வருஷமும் தோனி புனே ஜெர்சியிலும் ரெய்னா குஜராத் லயன்ஸ் கேப்டனாகவும் ஆடியதை சென்னை டிவியில்தான் பார்த்தது.

சீனிவாசன் மீது என்ன தீர்ப்பு?

மருமகனைக் காப்பாற்ற விஷயத்தை மூடி மறைத்தார் என்ற குற்றச்சாட்டு நிரூபிக்கப்படவில்லை. ஆனால் முக்கியமான அடி வேறு இடத்தில் விழுந்தது. வாரிய நிர்வாகிகளுக்கு வாரியம் நடத்தும் போட்டிகளில் வணிக ஆதாயம் இருக்கக் கூடாது என்று 6.2.4 என்று ஒரு விதி இருந்தது. 2008 தொடக்கத்தில் இந்தியா சிமெண்ட்ஸ் சுமார் 9 கோடியே 10 லட்சம் டாலருக்கு சென்னை அணியை வாங்கியது. அப்போது சீனிவாசன் வாரியப் பொருளாளர். அதே ஆண்டு செப்டம்பரில், ஐபிஎல்-லுக்கு மட்டும் விலக்கு தந்து விதி திருத்தப்பட்டது. வாங்கியது முன்னாடி, விதி மாறியது பின்னாடி! அந்தத் திருத்தத்தைத்தான் உச்ச நீதிமன்றம் செல்லாது என்றது. வணிக ஆதாயம் இருக்கும் வரை வாரியத் தேர்தலில் நிற்க முடியாது என்றும் சொன்னது.

இந்தக் கேள்வியை முதலில் கோர்ட்டுக்குக் கொண்டு போனதும் ஒரு சென்னைக்காரர்தான். முன்னாள் வாரியத் தலைவர் ஏ.சி. முத்தையா. சேப்பாக்கம் மைதானத்துக்குப் பெயர் கொடுத்த எம்.ஏ. சிதம்பரத்தின் மகன். 2011-ல் அவரது வழக்கில் இரண்டு நீதிபதிகளும் மாறுபட்ட தீர்ப்பு தந்தார்கள். அன்றைக்கே அது தெளிவாகியிருந்தால் 2013-ல் இத்தனை அசிங்கம் வந்திருக்காது என்று தோன்றுகிறது.

வெளிநாட்டில் எப்படி?

அமெரிக்க ஃபுட்பாலில் நியூ இங்கிலாந்து பேட்ரியாட்ஸ் ரசிகர்களுக்கும் இதே தலைவலி உண்டு. 2007-ல் எதிரணியின் சைகைகளை வீடியோ எடுத்து மாட்டினார்கள். 2015 ஜனவரி 18-ம் தேதி, அதாவது நம்ம ஊர் தீர்ப்புக்கு நாலு நாள் முன்பு, பந்தில் காற்றைக் குறைத்தார்கள் என்ற புகார் வெடித்தது. அணிக்கு 10 லட்சம் டாலர் அபராதம், நட்சத்திர வீரர் டாம் பிரேடிக்கு 4 ஆட்டம் தடை. பிரேடி தடையை முடித்துவிட்டு வந்து அதே சீசனில் கோப்பையையும் தூக்கினார். பாஸ்டனில் கேட்டால் "சதி" என்பார்கள், மற்ற ஊர்களில் "திருட்டு டீம்" என்பார்கள்.

ஒரு வித்தியாசம் உண்டு. அங்கே புகார் களத்தில் நடந்ததைப் பற்றியது, சென்னை விவகாரம் முழுக்க களத்துக்கு வெளியே நடந்தது. அதனால்தான் சிஎஸ்கே-வின் 2010, 2011 கோப்பைகளில் யாரும் கை வைக்கவில்லை. இத்தாலியில் 2006 ஊழலில் யுவென்டஸ் கால்பந்து அணியிடமிருந்து இரண்டு பட்டங்கள் பறிக்கப்பட்டதோடு இதை ஒப்பிட்டால் புரியும்.

திரும்பி வந்த பிறகு?

2018 ஏப்ரல் 10-ம் தேதி, மூன்று வருஷம் கழித்து சேப்பாக்கத்தில் சிஎஸ்கே ஆட்டம். வெளியே காவிரி மேலாண்மை வாரியம் கேட்டுப் போராட்டம், உள்ளே மைதானத்தில் ஷூ வீச்சு. மீதி ஹோம் மேட்ச்கள் எல்லாம் புனேவுக்குப் போயின. ரசிகர்கள் தனி ரயில் பிடித்துப் பின்னாலேயே போனார்கள். மே 27-ம் தேதி மும்பை வான்கடேவில் வாட்சன் 117 ரன் அடிக்க, கோப்பை சென்னைக்கு. பிறகு 2021, 2023 என்று மொத்தம் ஐந்து ஆனது.

கோர்ட் கதை மட்டும் முடியவில்லை. பெட்டிங் விவகாரத்தில் தன் பெயரை இழுத்ததாக டிவி சேனல்கள், ஐபிஎஸ் அதிகாரி சம்பத்குமார் உள்ளிட்டோர் மீது 100 கோடி ரூபாய் கேட்டு தோனி 2014-ல் சென்னை உயர் நீதிமன்றத்தில் போட்ட மானநஷ்ட வழக்கு அது. 2025 ஆகஸ்டில்தான் தோனியின் சாட்சியத்தைப் பதிவு செய்ய வழக்கறிஞர் ஆணையரை நியமித்து உயர் நீதிமன்றம் உத்தரவிட்டது.