மரிக்கொழுந்து

கதம்பத்திலும் மாலையிலும் பூக்களுக்கு இடையே வைத்துக் கட்டும் நறுமணச் செடி. தவனம் என்றும் தமனகம் என்றும் சொல்வதுண்டு. தாவரவியலில் ஆர்ட்டெமிசியா பாலென்ஸ், சூரியகாந்திக் குடும்பம். அரை மீட்டர் அளவே வளரும் ஓராண்டுப் பயிர். நுணுக்கமாகப் பிளவுபட்ட இலைகளில் வெண்மயிர் படர்ந்திருப்பதால் பச்சை சாம்பல் பூத்தாற்போல் தெரியும். மஞ்சள் பூக்கள் மிகச் சிறியவை. தழையிலேயே வாசம் உண்டு என்பதுதான் இதன் சிறப்பு.

9ஆம் நூற்றாண்டைச் சேர்ந்த பெரியாழ்வார் கண்ணனுக்குப் பூச்சூட்ட அழைக்கும் பதிகத்தில், செண்பகம், மல்லிகை, பாதிரியோடு மருவையும் தமனகத்தையும் சேர்க்கிறார். ஆயிரம் ஆண்டுகளுக்கு முன்பே இது பூவுக்குச் சமமாக மாலையில் இடம்பெற்றுவிட்டது. இறைவனுக்குத் தமனகம் சாத்தும் சித்திரை விழாவைச் சைவ ஆகம நூல்கள் விதிக்கின்றன.

மரிக்கொழுந்தோடு சேர்த்துக் கட்டும் பூக்களுக்கு வருவோம். புதுக்கோட்டை மாவட்டத்தில் பூ என்றால் கீரமங்கலம். கொத்தமங்கலம், குளமங்கலம், வடகாடு, மாங்காடு என்று சுற்றுவட்டார ஊர்களில் ஆழ்குழாய்க் கிணற்றுப் பாசனத்தில் மல்லிகை, முல்லை, கனகாம்பரம், சம்பங்கி விளைகின்றன. திருவப்பூர், நார்த்தாமலை முத்துமாரியம்மன் கோயில்களின் பூச்சொரிதலுக்குப் பூ கூடை கூடையாகப் போகும்.

கதம்பம் கட்டும் கையைப் பார்த்தால் மரிக்கொழுந்தின் வேலை புரியும். நனைத்த வாழைநாரில் மல்லிகை இரண்டு, கனகாம்பரம் இரண்டு, அடுத்து ஒரு கிள்ளு மரிக்கொழுந்து, ஒரு சுருக்கு. வெள்ளைக்கும் ஆரஞ்சுக்கும் நடுவே வரும் அந்தப் பச்சைதான் இரண்டையும் எடுத்துக்காட்டுகிறது. கனகாம்பரத்துக்கு மணம் இல்லை. அந்தக் குறையையும் இதுவே தீர்க்கிறது. மல்லிகை வாடிய பின்னும் இதன் வாசம் போகாது. காய்ந்த தழையைத் துணிப்பெட்டியில் போட்டு வைப்பார்கள்.

ஐப்பசி, கார்த்திகையில் விதைப்பார்கள். விதையின் முளைப்புத்திறன் சீக்கிரம் குறைந்துவிடும். பழைய விதையை நம்ப முடியாது. பனிக்காலம் உகந்தது, கனமழை ஆகாது. மாலைக்கு இளந்தழை போதும். எண்ணெய்க்கென்றால் பூத்த பிறகு அறுத்து, நீராவியில் வடிப்பார்கள். வாசனைத் திரவியத் தொழிலில் மதிப்புள்ள இந்த எண்ணெய் பெரும்பாலும் கர்நாடகத்தில் உற்பத்தியாகிறது.

வரவேற்பு மேடைகளிலும் பூங்கொத்துகளிலும் இப்போது மரிக்கொழுந்தைப் போல ரோஜாவுக்கு இடையே வெண்புள்ளிகளாக நிரம்புவது ஜிப்சோபிலா என்னும் பூ. கிழக்கு ஐரோப்பாவிலிருந்து மத்திய ஆசியா வரை இயல்பாக வளர்வது. கண்ணுக்கு அழகுதான். ஆனால் காம்பு விறைப்பு, சொல்லும்படியான நறுமணமும் இல்லை. தலையில் வைக்கும் சரத்துக்கு அது ஒத்துவராது.